கொலையும் சட்டமும்: ஒரு குற்ற வரலாற்று நூலும் அதன் திரைவடிவமும்

1

பெருந்தொகையாக விற்பனையாகும் நூல்களை ஆராய்ச்சிக்குரியனவாகக் கொள்ளாது ஒதுக்கிவிடும் மரபொன்று எமது திறனாய்வாளரிடையே நெடுங்காலமாக உண்டு. அவை பொழுதுபோக்கின் பொருட்டு எழுதப்படுவன, விரைவில் மறக்கப்படுவன என்பது அதற்குக் கூறப்படும் காரணம். ஆயின் ஒரு சமுதாயம் எவற்றை விரும்பிப் படிக்கின்றது என்பதும், படித்தவற்றைத் திரையில் எவ்வாறு பார்க்க விழைகின்றது என்பதும் அச்சமுதாயத்தின் கருத்துநிலையை அறிந்துகொள்வதற்கு உதவும் முதன்மைச் சான்றுகளாகும். இவ்வகையில், உண்மையில் நிகழ்ந்த குற்றங்களைக் கதைபோலக் கூறும் குற்ற வரலாற்று நூல்கள் எமது கவனத்திற்குரியவை.

இந்நூல்வகைக்கு இன்றைய வடிவத்தை அளித்தவர்களுள் ட்றூமன் கபோட்டி முக்கியமானவர். 1959ஆம் ஆண்டு கன்சாஸ் மாநிலத்தின் சிற்றூரொன்றில் விவசாயக் குடும்பமொன்றைச் சேர்ந்த நால்வர் கொல்லப்பட்டமையை அவர் 1966இல் நூலாக வெளியிட்டார். அதனைப் புனைவல்லாத நாவல் என அவரே அழைத்தார். மறுவருடமே றிச்சர்ட் புறூக்ஸ் அதனைத் திரைப்படமாக்கினார். கொலை நடந்த வீட்டிலேயே காட்சிகளும் படமாக்கப்பட்டன. தூக்குத் தண்டனை பற்றிய ஐயத்தை அந்நூல் எழுப்புகின்றது என்பது உண்மையே. எனினும் அதன் கட்டமைப்பு தெளிவானது. அமைதியான ஊரொன்றினுள் வெளியிலிருந்து இருவர் நுழைகின்றனர்; குற்றம் நிகழ்கின்றது; புலனாய்வாளர் துலக்குகின்றனர்; சட்டம் தனது கடமையைச் செய்கின்றது. குற்றம் என்பது சமுதாயத்தின் இயல்பிலிருந்து விலகிய தனிமனிதரின் செயல் என்னும் எடுகோள் இதனடியில் உள்ளது. பின்னர் வந்த குற்ற வரலாற்று நூல்களிற் பெரும்பாலானவை இந்த அச்சிலேயே வார்க்கப்பட்டன.

இவ்வெடுகோள் பொருந்தாத குற்றம் ஒன்று நிகழுமாயின் இவ்வடிவம் அதனை எவ்வாறு கூறும்? சட்டமே கொலையை இலாபகரமான தொழிலாக்கியிருக்குமாயின் துப்பறிவோன் யாரைக் கைதுசெய்வான்? இவ்வினாக்களை எழுப்பும் நூலாகவும் படமாகவும் அண்மைக் காலத்திலே வெளிவந்தது 'கில்லேர்ஸ் ஒவ் த ஃபிளவர் மூன்'. மலர்த்திங்களின் கொலைஞர் என இதனைத் தமிழிற் கூறலாம். டேவிட் கிறான் எழுதிய நூல் 2017இல் வெளிவந்து மிகப் பரவலாக விற்பனையாயிற்று. மார்ட்டின் ஸ்கோர்செசியின் நெறியாள்கையில் அமைந்த திரைப்படம் 2023இல் வெளியாயிற்று. இரண்டையும் ஒப்புநோக்கி, அவை எதனைக் கூறின, எதனைக் கூற இயலாது நின்றன என்பதை இக்கட்டுரையில் நோக்குவோம்.

2

நூலையும் படத்தையும் விளங்கிக்கொள்வதற்கு அவற்றின் பின்னணியிலுள்ள சொத்துடைமை வரலாற்றை முதலில் மனங்கொள்ளுதல் வேண்டும். ஒசேஜ் மக்கள் வட அமெரிக்கப் பூர்வீகக் குடிகளுள் ஒரு சாரார். வெள்ளைக் குடியேற்றக்காரரின் நெருக்குதலால் 1870களின் தொடக்கத்தில் அவர்கள் கன்சாசிலிருந்து வெளியேறினர். இன்றைய ஒக்லஹோமா மாநிலத்தின் வடகிழக்கே, பாறையும் மேடும் நிறைந்த நிலப்பரப்பினைத் தமது பணத்திலேயே விலைக்கு வாங்கிக் குடியமர்ந்தனர். பயிர்ச்செய்கைக்கு உதவாத அந்நிலத்தை வெள்ளையர் நாடமாட்டார் என்பதே அவர்களது எதிர்பார்ப்பு. அந்நிலத்தினடியிலேதான் எண்ணெய் இருந்தது.

1906இல் நிறைவேற்றப்பட்ட சட்டமொன்று ஒசேஜ் மக்களது பொது நிலத்தைத் தனியார் காணிகளாகப் பிரித்து, பதிவேட்டிலிருந்த 2,229 பேருக்கும் பகிர்ந்தளித்தது. பொதுவுடைமையைச் சிதைத்துத் தனியுடைமையைப் புகுத்துவதே அக்காலத்து அமெரிக்க அரசின் கொள்கையாயிருந்தது. ஆயின் ஒசேஜ் தலைவர்கள் ஒரு விடயத்தில் விட்டுக்கொடுக்கவில்லை. நிலத்தடிக் கனிப்பொருள் முழுவதும் குடியினரின் பொதுச் சொத்தாகவே இருத்தல் வேண்டும் என அவர்கள் நிலைநாட்டினர். அதிலிருந்து பெறப்படும் வருவாய் பதிவேட்டிலுள்ள ஒவ்வொருவருக்கும் தலைக்கு ஒரு பங்காகச் சென்றது. இப்பங்குரிமையை விற்கமுடியாது, முதுசமாக மட்டுமே அது கைமாறும். 1923ஆம் ஆண்டில் மட்டும் அம்மக்களுக்குக் கிடைத்த வருவாய் மூன்று கோடி டொலரைத் தாண்டியது. உலகிலேயே தலைக்கு அதிக செல்வமுடைய மக்களென அவர்கள் அக்காலத்தில் பேசப்பட்டனர்.

விற்கமுடியாத, ஆயின் மரணத்தினாற் கைமாறக்கூடிய சொத்து என்பதன் பொருளை நாம் சற்று ஆழ்ந்து சிந்தித்தல் தகும். சந்தையில் வாங்கமுடியாததை மணவுறவினாலும் மரணத்தினாலும் பெறலாம் என்னும் நிலையை அது தோற்றுவித்தது. இதற்குத் துணையாக அமைந்தது பாதுகாவலர் முறை. முழு ஒசேஜ் குருதியினராகவோ பெரும்பகுதி அக்குருதியினராகவோ இருந்தோர் தமது பணத்தைத் தாமே நிருவகிக்கும் தகுதியற்றவர் என வகைப்படுத்தப்பட்டனர். அவர்களுக்கு உள்ளூர் வெள்ளையர் பாதுகாவலராக நியமிக்கப்பட்டனர். வணிகரும் வங்கியாளரும் சட்டத்தரணிகளும் இப்பதவிகளைத் தமக்குள்ளே பங்கிட்டுக்கொண்டனர். பற்பசை வாங்குவதற்கும் பாதுகாவலரின் சம்மதம் தேவைப்பட்டது. 1925க்கு முன்னர் பாதுகாவலர்கள் நேரடியாகக் கையாடிய தொகை குறைந்தது 80 இலட்சம் டொலர் என அரசாங்க ஆய்வொன்று மதிப்பிட்டது. வளர்ந்த ஒரு பெண்ணைத் தகுதியற்றவளென முத்திரையிட்ட சட்டமும் அவளுக்கு நஞ்சூட்டிய கையும் ஒரே பொருளாதார ஒழுங்கின் இருவேறு கருவிகள் என்பதே எமது கருத்து.

3

கிறானின் நூல் மூன்று பகுதிகளாலானது. முதற்பகுதி மொலி பேர்க்ஹார்ட் என்ற ஒசேஜ் பெண்ணின் குடும்பத்தைப் பற்றியது. 1921ஆம் ஆண்டு மே மாதம் அவளது தமக்கை அன்னா காணாமற்போய், பின்னர் பள்ளத்தாக்கொன்றிலே சுடப்பட்ட நிலையிற் காணப்படுகிறாள். சில வாரங்களில் தாய் லிசி இறக்கிறாள். தங்கை மின்னி முன்னரே இனந்தெரியாத நோயினால் மறைந்திருந்தாள். 1923 மார்ச்சில் மற்றொரு சகோதரியான றீற்றாவின் வீடு குண்டுவைத்துத் தகர்க்கப்படுகிறது. இறந்த ஒவ்வொருவரின் பங்குரிமையும் மொலியை நோக்கியே நகர்கின்றது. மொலிக்குப் பின் அது அவளது வெள்ளைக் கணவன் ஏர்னஸ்டைச் சேரும். ஒசேஜ் நாட்காட்டியில் மே மாதம் பூக்களைக் கொல்லும் திங்களாகும். ஏப்பிரலில் மலரும் சிறு பூக்களின் ஒளியையும் நீரையும் அதன்பின் உயர்ந்து வளரும் செடிகள் கவர்ந்துகொள்வதால் அவை மாய்ந்துபோகும். நூலின் பெயர் இதிலிருந்து பிறந்தது.

இரண்டாம் பகுதி டொம் வைற் என்னும் புலனாய்வாளரைப் பற்றியது. பின்னர் 1935இல் எஃப்.பி.ஐ. எனப் பெயர்பெற்ற அமைப்பின் இளம் பணிப்பாளரான ஜே. எட்கார் ஹூவர் 1925இல் இவரிடம் விசாரணையை ஒப்படைத்தார். மாட்டு வணிகராகவும் காப்புறுதி முகவராகவும் மாறுவேடம் பூண்ட அதிகாரிகளின் துணையுடன் வைற் உண்மையைத் துலக்குகிறார். ஏர்னஸ்டின் மாமன் வில்லியம் ஹேல் என்ற பண்ணைச் செல்வரே சூத்திரதாரி. ஒசேஜ் மக்களின் நண்பரென மதிக்கப்பட்டவர் அவர். ஏர்னஸ்ட் 1926இல் குற்றத்தை ஒப்புக்கொண்டான். ஹேல் 1929இல் குற்றவாளியாகத் தீர்ப்பளிக்கப்பட்டார். ஒசேஜ் மக்களைப் பாதுகாக்கவென வந்த அரசு, விசாரணைச் செலவாக ஏறத்தாழ 20,000 டொலரை அம்மக்களிடமிருந்தே அறவிட்டது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

வழக்கமான குற்ற வரலாற்று நூலாயின் இவ்விடத்தில் முடிந்திருக்கும். வில்லன் பிடிபட்டான், நீதி வென்றது, புதிய புலனாய்வு அமைப்பின் பெருமை நிலைநாட்டப்பட்டது. ஹூவர் உலகுக்குக் கூறிய கதையும் இதுவே. கிறானின் நூலை நாம் பொருட்படுத்துவதற்கான காரணம் அதன் மூன்றாம் பகுதியாகும். ஆசிரியர் தாமே முன்வந்து, ஆவணக் காப்பகங்களிலும் ஒசேஜ் குடும்பங்களின் நினைவுகளிலும் தேடுகிறார். பாதுகாவலரின் பெயர்களையும் அவர்தம் பொறுப்பிலிருந்தோரின் பெயர்களையும் கொண்ட பழைய பதிவேடொன்று அவருக்குக் கிடைக்கின்றது. பொறுப்பிலிருந்தோர் பலரின் பெயர்களுக்கருகே இறந்துவிட்டார் என்ற குறிப்பு திரும்பத் திரும்ப வருகின்றது. உத்தியோகபூர்வமாகக் கணக்கிடப்பட்ட கொலைகள் ஏறத்தாழ 24. உண்மைத் தொகை அதனிலும் பன்மடங்கு, ஒருவேளை நூற்றுக்கணக்கில் இருக்கலாம் என்னும் முடிவுக்கு ஆசிரியர் வருகிறார். மருத்துவர் நஞ்சைக் காணாதுவிட்டார், சவ அடக்கம் செய்வோர் காயங்களை மறைத்தனர், வழக்குத்தொடுநர் வாளாவிருந்தனர். ஹேல் என்ற தனிமனிதருக்குப் பதிலாக ஒரு மாவட்டத்தின் நடுத்தர வர்க்கம் முழுவதும் குற்றவாளிக் கூண்டில் நிற்கிறது.

இங்குதான் நூலின் வடிவம் தன்னைத்தானே முறித்துக்கொள்கின்றது. முதலிரு பகுதிகளும் எழுப்பிய எதிர்பார்ப்பை மூன்றாம் பகுதி மறுதலிக்கின்றது. கொலைஞன் யார் என்ற வினாவோடு தொடங்கிய வாசகன், கொலைஞர் அல்லாதோர் யார் என்ற வினாவோடு நூலை மூடுகிறான். எனினும் ஒரு குறைபாட்டைக் கூறாதிருத்தல் நேர்மையன்று. நூலின் பெரும்பகுதியில் வாசகனின் ஆவலை இழுத்துச் செல்வது டொம் வைற்றின் வீரமும் நேர்மையுமேயாகும். சட்டத்தின் தீங்கை வெளிப்படுத்தும் நூல் நல்ல சட்டத்தரிப்பாளன் ஒருவனை வேண்டிநிற்கின்றது. விற்பனைச் சந்தைக்கு அந்நூல் செலுத்திய விலை அதுவெனலாம். தனியுடைமையாக்கலும் பாதுகாவலர் முறையும் தக்கவாறு விளக்கப்படுகின்றனவாயினும், அவற்றை அக்காலத்து அமெரிக்க முதலாளித்துவத்தின் பொதுவியல்போடு இணைத்துக் காண ஆசிரியர் முற்படவில்லை.

4

திரைப்படத்தின் வரலாறு ஒரு முக்கியமான மாற்றத்தோடு தொடங்குகின்றது. ஸ்கோர்செசியும் எரிக் றொத்தும் முதலில் எழுதிய திரைக்கதை டொம் வைற்றையே மையமாகக் கொண்டிருந்தது. அப்பாத்திரத்தில் லியனார்டோ டிகாப்ரியோ நடிப்பதாயிருந்தது. பின்னர் அக்கதை மாற்றப்பட்டது. டிகாப்ரியோ ஏர்னஸ்டாக நடித்தார்; புலனாய்வாளர் படத்தின் இரண்டு மணிநேரம் கழிந்த பின்னரே தோன்றும் துணைப் பாத்திரமானார். குற்றவாளி யார் என்பதை மறைத்துவைக்கும் உத்தியும் கைவிடப்பட்டது. றொபேர்ட் டி நீரோ நடித்த ஹேல் தனது எண்ணங்களைத் தொடக்கத்திலேயே புலப்படுத்துகிறார். துப்பறியும் இன்பத்தை இவ்வாறு துறந்தமை, நூலைவிடப் படம் முற்போக்காக எடுத்துவைத்த அடியென்றே நாம் கருதுகிறோம். யார் செய்தார் என்ற வினா ஒழிந்ததும், இதனை எவ்வாறு இயல்பாகச் செய்தனர் என்ற வினா முன்னுக்கு வருகின்றது.

இயல்பு என்ற சொல்லை இங்கு நாம் வேண்டுமென்றே கையாளுகிறோம். படத்திலே கொலைகள் வாழ்க்கையின் அன்றாட அலுவல்களுக்கிடையே, கொடுக்கல் வாங்கலின் தொனியிலேயே பேசித் தீர்மானிக்கப்படுகின்றன. கடன்பட்ட ஒருவனை ஏவுதல், காப்புறுதி எடுத்தல், உறவினரின் உடல்நலம் விசாரித்தல் ஆகியன ஒரே வகைச் செயல்களாகத் தோன்றுகின்றன. ஹென்றி றோன் என்ற ஒசேஜ் ஆடவரின் பெயரில் ஹேல் 25,000 டொலர் ஆயுட் காப்புறுதி பெற்றிருந்தமை வரலாற்று உண்மை. மொலி தனது பாதுகாவலரின் அலுவலகத்தில் பெயரைக் கூறியதும், தகுதியற்றவள் என்ற அடையாளத்தையும் தன் வாயாலேயே கூறவேண்டியுள்ளது. லிலி கிளாட்ஸ்ரோன் அச்சொல்லை உணர்ச்சியின்றி உச்சரிக்கும்போது, நாம் மேலே கூறிய சட்ட வரலாறு முழுவதும் ஒரு கணத்தில் முன்னிற்கின்றது. சிறந்த நடிகைக்கான ஒஸ்கார் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்ட முதலாவது ஐக்கிய அமெரிக்கப் பூர்வீகக் குடிப் பெண் அவரேயாவார்.

எனினும் படத்தின் மையம் மொலியன்று, ஏர்னஸ்டே என்பதை நாம் கவனித்தல் வேண்டும். மனைவியை நேசித்தவாறே அவளுக்கு நஞ்சூட்டும் பேதை ஒருவனின் உள்ளத்தை அறிய முயல்வதே படத்தின் முதன்மை நோக்கமாகின்றது. நீரிழிவு நோயாளியான மொலிக்குக் கொடுக்கப்படும் மருந்தில் வேறொன்று கலக்கப்படுகின்றது. இறுதிச் சந்திப்பில், மருந்தில் என்ன இருந்தது என அவள் கேட்கிறாள். இன்சுலின் என அவன் பொய் கூறுகிறான். அவள் எழுந்து செல்கிறாள். எத்தீர்ப்பாலும் கூறமுடியாததை அவளது மௌனம் கூறிவிடுகின்றது. ஆயினும் இத்தகைய வலுவான காட்சியே படத்தின் எல்லையையும் காட்டுகின்றது. ஒரு வர்க்கத்தின் குற்றம் ஒரு மணவாழ்வின் துரோகமாகச் சுருங்குகின்றது. நூலின் மூன்றாம் பகுதியில் விரிந்த பதிவேடும், பெயர் தெரியாத மரணங்களும், வழக்கே தொடரப்படாத குடும்பங்களும் 206 நிமிட நேரப் படத்தில் உரிய இடம்பெறவில்லை. படத்தின் தொடக்கத்தில் விசாரணையின்றி முடிந்த சில மரணங்கள் சுருக்கமாகக் காட்டப்படுவதோடு அப்பரப்பு நின்றுவிடுகின்றது.

படத்திற்கு ஒசேஜ் மொழி ஆலோசகராகப் பணியாற்றியோருள் ஒருவர், இக்கதையை மொலியின் நோக்கிலிருந்து காணவே தாம் விரும்பியதாகவும், அதற்கு ஒசேஜ் நெறியாளர் ஒருவரே தேவைப்படுவார் எனவும் கூறியமை பரவலாக அறியப்பட்டது. படக்குழுவினர் ஒசேஜ் மக்களுடன் கலந்தாலோசித்த முறையைப் பாராட்டிய ஒசேஜ் தலைவர்களும் உளர். இவ்விரு கருத்துகளும் ஒன்றையொன்று மறுப்பனவல்ல. கலந்தாலோசித்தல் வேறு, கதையைச் சொல்லும் உரிமை வேறு. ஒசேஜ் எழுத்தாளரான ஜோன் ஜோசப் மத்தியூஸ் எண்ணெய்க் காலத்து ஒசேஜ் வாழ்வைப் பற்றி 1934இலேயே நாவல் எழுதினார். மற்றோர் ஒசேஜ் எழுத்தாளரான சார்ள்ஸ் றெட் கோன் இக்கொலைகளின் காலத்தைப் பொருளாகக்கொண்ட நாவலை 2002இல் வெளியிட்டார். ஆயினும் உலகம் இவ்வரலாற்றை அறிந்தது 2017க்குப் பின்னரேயாகும். துன்பமுற்றோர் எழுதாதிருந்தனர் என்பதன்று. எழுதியதை எடுத்துச் செல்லும் சாதனங்கள் அவர்கள் கையில் இருக்கவில்லை.

5

இவ்விடத்தில் ஓர் ஆட்சேபனை எழலாம். விற்பனை நூலும் பெருந்திரைப்படமும் இல்லாதிருப்பின் இக்கொலைகளை எவரும் அறிந்திருக்கமாட்டார். ஆகவே அவற்றின் குறைகளைப் பேசுவது நன்றியின்மையாகும் எனச் சிலர் கூறுவர். இவ்வாதத்தை நாம் முற்றாகப் புறக்கணிக்கவில்லை. ஆயின் இக்கொலைகள் ஒருபோதும் மறைக்கப்பட்டிருக்கவில்லை என்பதை வரலாறு காட்டுகின்றது. அவை பலமுறை கூறப்பட்டன. 1930களின் தொடக்கத்தில் புலனாய்வு அமைப்பின் ஒத்துழைப்புடன் தயாரிக்கப்பட்ட வானொலி நாடகத் தொடரில் இவ்வழக்கும் இடம்பெற்றது. அதனை அனுசரணை செய்தது சிகரெட் கம்பனி ஒன்று. 1959இல் ஜேம்ஸ் ஸ்ருவேட் நடித்த எஃப்.பி.ஐ. பற்றிய திரைப்படத்திலும் இது ஓர் அத்தியாயமாயிற்று. ஒவ்வொரு முறையும் கொலைகள் நினைவுகூரப்பட்டன; கொல்லப்பட்டோர் மறக்கப்பட்டனர். எனவே ஒரு குற்றம் கூறப்பட்டதா என்பது மட்டும் எமது வினாவாயிருத்தல் போதாது. யாருடைய பெருமைக்காக, எவ்விடத்திற் கதை நிறுத்தப்பட்டது என்பதையும் நாம் கேட்டல் வேண்டும்.

ஸ்கோர்செசி இதனை அறிந்திருந்தார் என்பதற்குப் படத்தின் முடிவே சான்று. பாத்திரங்களின் பிற்கால வரலாறு, சிகரெட் விளம்பரத்துடன் கூடிய வானொலி நாடக அரங்கொன்றிலே கூறப்படுகின்றது. வெள்ளை நடிகர் ஒருவர் ஒசேஜ் மக்களின் குரலைப் போலியாகப் பேசுகிறார், செயற்கை ஒலிகள் எழுப்பப்படுகின்றன, அவையோர் சிரிக்கின்றனர். இறுதியில் நெறியாளரே மேடையேறி, 1937இல் மறைந்த மொலியின் மரண அறிவித்தலைப் பற்றிக் கூறுகிறார். அதில் கொலைகள் பற்றிய குறிப்பேதும் இல்லை. இம்முடிவு ஒரு குற்ற ஒப்புதலாகும். தமது படமும் அவ்வானொலி நாடகத்தின் மரபில் வந்ததே, தாமும் பிறர் துயரைக் காட்சிப்பொருளாக்கியவரே என்பதைக் கலைஞர் ஏற்றுக்கொள்கிறார். அதன்பின், மத்தளத்தைச் சூழ்ந்து இன்றைய ஒசேஜ் மக்கள் ஆடும் காட்சியோடு படம் முடிகின்றது. ஒப்புதல் நேர்மையானது என்பதில் எமக்கு ஐயமில்லை. ஆயின் ஒப்புதல் பரிகாரமாகாது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

பரிகாரம் எத்துணை தொலைவிலுள்ளது என்பதைச் சில விபரங்கள் உணர்த்தும். ஆயுட்தண்டனை பெற்ற ஹேல் 1947இல் விடுவிக்கப்பட்டார். ஏர்னஸ்டுக்கு 1966இல் ஒக்லஹோமா ஆளுநர் மன்னிப்பு வழங்கினார். ஒசேஜ் அல்லாதோர், பாதிக்கு மேற்பட்ட ஒசேஜ் குருதியினரின் பங்குரிமையை முதுசமாகப் பெறுவதை 1925இல் சட்டம் தடுத்தது. ஆயின் அதற்கு முன் கைமாறியவை மீளவில்லை. பங்குரிமைகளில் ஏறத்தாழ நான்கிலொன்று ஒசேஜ் அல்லாதோரிடமும் நிறுவனங்களிடமும் இருந்தமை நூறாண்டுகளின் பின்னரும் செய்தியாயிற்று. ஒசேஜ் மக்களின் பொறுப்புநிதியைத் தவறாக நிருவகித்தமைக்காக 2011இல் ஐக்கிய அமெரிக்க அரசு 38 கோடி டொலர் வழங்க உடன்பட்டது. 2021இல் ஒக்லஹோமா மாநிலம், இனம் பற்றிய கற்பித்தலைக் கட்டுப்படுத்தும் சட்டமொன்றை இயற்றியபோது, கிறானின் நூலை வகுப்பறையில் வைக்கலாமா என அம்மாநிலத்து ஆசிரியர்கள் தயங்கினர். கொலை நடந்த மண்ணிலேயே கொலையைப் படிப்பது ஐயத்துக்குரியதாயிற்று.

தொகுத்து நோக்குமிடத்து, நூலும் படமும் ஒன்றையொன்று நிறைவுசெய்கின்றன எனலாம். குற்றத்தின் பரப்பை நூல் காட்டிற்று. ஆயின் நாயகன் ஒருவனைக் கைவிட அதனால் இயலவில்லை. படம் நாயகனைக் கைவிட்டது. ஆயின் பரப்பை இழந்தது. இரண்டும் தத்தம் வடிவத்தின் எல்லைவரை சென்று, அதற்கப்பாலுள்ளதைச் சுட்டிக்காட்டி நிற்கின்றன. அப்பாலுள்ளது மனித உயிரைப் பங்குரிமையாக மாற்றிய சொத்துறவு. அதனைக் கைதுசெய்ய எந்தத் துப்பறிவாளனாலும் இயலாது. எந்த நீதவானாலும் அதற்குத் தண்டனை விதிக்க முடியாது.

றீற்றாவின் வீடு தகர்க்கப்பட்ட இரவில் மொலியின் பிள்ளைகள் அங்கு தங்கச் செல்வதாயிருந்தனர் என்பதும், ஒரு பிள்ளையின் காதுவலியாற் பயணம் தடைப்பட்டது என்பதும் அக்குடும்பத்திலே வழிவழியாகக் கூறப்பட்டுவந்த செய்தி. அவர்களின் தந்தை அன்றிரவு என்ன நிகழும் என்பதை அறிந்திருந்தான். எந்த வழக்கின் கோவையிலும் முதன்மை பெறாத அந்நினைவைக் கிறான் கேட்டறிந்து பதிவுசெய்தார். குற்ற வரலாற்று நூலொன்றின் தகுதியை நாம் அளவிடவேண்டியது இத்தகைய இடங்களிலேயாகும். கொலைஞனின் உள்ளத்தை எவ்வளவு நுணுக்கமாக அறிந்தோம் என்பதைவிட, தப்பிப் பிழைத்தோர் எதனோடு வாழ நேர்ந்தது என்பதை எவ்வளவு கேட்டறிந்தோம் என்பதே முக்கியமானது.